ஏழு பாட்டிலும் ஒரு டப்பாவும்

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க ஏசி. வீட்டிலிருந்து கம்பெனிக்கு ஸ்கூட்டியில் 40 நிமிடம். நெற்றியும் மூக்கும் மதியத்துக்குள் எண்ணெய் வடியும், கன்னம் மட்டும் முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கும். தாடை ஓரம் பருக்கள் வந்துகொண்டே இருக்கின்றன, போனாலும் கறுப்பாகத் தடம் நிற்கிறது. ரீல்ஸ் பார்த்து ஒவ்வொன்றாக ஏழு பொருள் வாங்கிவிட்டேன்: நன்றாக நுரை வரும் ஃபேஸ்வாஷ், வால்நட் ஸ்க்ரப், கிளைகாலிக் ஆசிட் டோனர், வைட்டமின் சி சீரம், 10 சதவீத நியாசினமைடு, ரெட்டினால், ஜெல் சன்ஸ்கிரீன். மூன்று மாதமாக எல்லாம் போடுகிறேன். இப்போது வெறும் தண்ணீர் பட்டாலே முகம் எரிகிறது. வைட்டமின் சி டீ கலரில் மாறிவிட்டது. இதற்கு நடுவில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒரு சின்ன டப்பா கிரீம் கொடுத்தார். இரண்டு மாதமாகப் போடுகிறேன். போட்ட பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. விட்டால் இரண்டாம் நாளே சிவந்து எரிகிறது. தை மாதம் கல்யாணம், நான்கு மாதம் இருக்கிறது. அம்மா கடலை மாவு போதும் என்கிறார். என் சருமம் எந்த வகை? எதை வாங்க வேண்டும்? மீதம் இருப்பதைப் பிளஸ் டூ படிக்கும் தங்கைக்குக் கொடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஏழு பாட்டில்களைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த டப்பா.

"போட்டால் பளிச், விட்டால் எரிச்சல்." தோல் மருத்துவராக மதுரையில் 19 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கேட்டதும் எனக்கு வரும் முதல் சந்தேகம், அந்த கிரீமுக்குள் ஸ்டீராய்டு இருக்கிறது என்பதுதான். ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதனால் சிவப்பு மறையும். அழற்சியை அடக்கும், அதனால் பருவும் அரிப்பும் அடங்கும். நிறத்தையும் கொஞ்சம் வெளுக்க வைக்கும். முதல் இரண்டு வாரம் பார்ப்பவர்கள் எல்லாரும் "என்ன போடுகிறாய்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த டப்பா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. உங்கள் அக்காவும் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். அவர் முகமும் இன்று எரிந்துகொண்டுதான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மாதக்கணக்கில் போட்டவர்களின் கன்னத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்திருக்கும். அடியில் சிவப்பு நூல் இழைகளாக ரத்தக் குழாய்கள் தெரியும். காதோரம் பூனைமுடி அடர்ந்திருக்கும். பருக்கள் எல்லாம் ஒரே அளவில் கடுகு தூவியது போல நிற்கும். நிறுத்தியதும் சுருங்கியிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. முகம் தீப்பட்டது போல் எரிகிறது. அந்த எரிச்சலை அடக்கவும் அதே கிரீம்தான் கைகொடுக்கிறது என்பதால், இதை விடவே முடியாது என்று நினைத்துவிடுகிறோம்.

டப்பாவிலோ அட்டையிலோ பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இவை அழகு சாதனம் இல்லை, மருந்து. 2018-இல் மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கடையில் பேரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஒன்றுமே எழுதாத டப்பாவாக இருந்தால் எனக்கு இன்னும் பயம். அதில் பாதரசம் இருக்கலாம். பாதரசம் தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும், அதனால் வெளுக்கும். ஆனால் அது தோலோடு நிற்பதில்லை, உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். 2023-இல் கேரளாவில் மலப்புறம் பக்கம் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போகிறது என்று வந்தவர்களை விசாரித்த மருத்துவர்கள், பலரும் வெளுப்பு கிரீம் போட்டதைக் கண்டுபிடித்தார்கள். அந்த வருடம் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடை கடையாகச் சோதனையும் நடத்தியது. நோயாளிகளில் பலருக்கு கிரீமை விட்ட பிறகு சரியானது. நம் நாட்டுச் சட்டப்படி முகத்தில் பூசும் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. சட்டப்படி செய்த எந்த கிரீமிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் பதிவு எண்ணும் இருக்கும். இவை இல்லாத டப்பா யார் கொடுத்தாலும் முகத்துக்குப் போகக்கூடாது.

அதனால் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரை நேரில் பாருங்கள். தனியாரிடம் போக வசதியில்லை என்றால் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டை வெகுநாள் போட்டவர்களுக்குச் சில சமயம் வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்துவோம், சிலருக்கு உடனே நிறுத்திவிட்டு எரிச்சலுக்கு வேறு மருந்து கொடுப்போம். முகத்தைப் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும். நிறுத்திய முதல் சில வாரம் முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். அப்போது பயந்து டப்பாவைத் திரும்பத் திறக்காமல் இருக்கத்தான் பக்கத்தில் ஒரு மருத்துவர் வேண்டும் என்கிறேன். பெயரில்லாத கிரீம் என்றால் சிறுநீர்ப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கால் வீக்கமோ, சிறுநீர் நுரைத்துப் போவதோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நிச்சயமானதும் வீட்டுக்கு வருகிறவர்கள் "கொஞ்சம் கலர் ஏத்திக்கோ" என்று ஆரம்பித்திருப்பார்கள். உங்கள் மேல்கையின் உட்பக்கத்தைப் பாருங்கள், அக்குளுக்குக் கீழே வெயில் படாத இடம். அதுதான் உங்கள் நிறம். முகத்தில் வெயிலாலும் பருவாலும் ஏறிய கறுப்பைக் குறைத்து அந்த நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம். அதற்கு மேல் வெளுக்க வைக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர் உங்கள் தோலைக் கெடுக்கப் போகிறார். அந்த நிறம் நல்ல நிறம். வெயில் ஊரில் பிறந்த நம்மைத் தோல் புற்றுநோயிலிருந்து பெருமளவு காப்பாற்றுவது அதுதான்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் சருமம் எந்த வகை?

எண்ணெய், வறட்சி, கலப்பு என்று வகை பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் அது ஜாதகம் மாதிரி பிறந்தபோது எழுதி வைத்தது இல்லை. சித்திரையில் எண்ணெய் வடிந்த முகம் மார்கழிப் பனியில் வெடிக்கும். இருபதில் இருந்தது நாற்பதில் இருக்காது. இதையெல்லாம்விட, நாம் எதைப் போட்டுத் தேய்க்கிறோமோ அதை வைத்தும் மாறும். உங்கள் கன்னம் இழுப்பது பிறவி வறட்சியா, மூன்று மாதம் ஆசிட் போட்டதால் வந்ததா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இப்போது உங்களுக்கு இருப்பது புண்பட்ட சருமம். அது ஆறிய பிறகுதான் வகை தெரியும்.

ஆறியபின் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மென்மையான வாஷ் போட்டு முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். வாயைத் திறந்து மூடினால் கன்னம் இழுக்கிறதா? மூக்கோரம் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒற்றினால் எண்ணெய் தெரிகிறதா? நெற்றியில் தெரிந்து கன்னத்தில் தெரியாவிட்டால் கலப்பு. நம் ஊர்ப் பெண்களில் மிகப் பலருக்கு அப்படித்தான். கலப்பு என்றால் தனி வகைப் பொருள் வாங்க வேண்டும் என்பதில்லை, ஒரே பொருளைக் கன்னத்தில் தாராளமாகவும் நெற்றியில் கொஞ்சமாகவும் பூசினால் போதும்.

வகையைவிட நம் தோலுக்கு முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. நம்முடைய பழுப்புத் தோலில் நிறமி செல்கள் சட்டென்று சீண்டப்படும். கொசு கடித்தால் தடம், பருவைக் கிள்ளினால் தடம், கிரீம் எரிந்தாலும் தடம். வெள்ளைக்காரர் முகத்தில் ஒரு வாரம் சிவந்து மறையும் எரிச்சல், நம் முகத்தில் ஆறு மாதம் கறுத்து நிற்கும். தொழிலின் ஆரம்ப வருடங்களில் நான் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அவசரப்பட்டு கிளைகாலிக் பீல், அதாவது அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிக்கும் சிகிச்சை, ஒரு படி வீரியமாகச் செய்துவிட்டேன். இரண்டு கன்னத்திலும் ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்தது. கல்யாண ஆல்பத்தில் அது மேக்கப்புக்கு அடியிலும் தெரிந்தது. அந்தப் பெண் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பொருளைப் பற்றி யார் கேட்டாலும், அது என்ன நன்மை செய்யும் என்பதற்கு முன்னால், எரியுமா என்றுதான் பார்க்கிறேன். "எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று ரீல்ஸில் சொல்வதைத் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இப்போது உங்கள் ஏழு பாட்டில்கள்.

ஸ்க்ரப்பை இன்றே குப்பையில் போடுங்கள். அரைத்த வால்நட் ஓட்டின் துகளுக்குக் கூர் உண்டு, பரு இருக்கும் முகத்தில் அதைத் தேய்ப்பது புண்ணைச் சொறிவதற்குச் சமம். டீ கலரில் மாறிய வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் பட்டுக் கெட்டுவிட்டது, அதுவும் போகட்டும். கிளைகாலிக் டோனரும் ரெட்டினாலும் தனித்தனியே நல்ல பொருள்கள்தான். ஒரே முகத்தில், ஒரே இரவில், ஸ்க்ரப்புக்கு மேல் போட்டால் தோலின் மேலடுக்கு தாங்காது. அந்த மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு சாந்து. மூன்று மாதமாக நீங்கள் சாந்தைச் சுரண்டியிருக்கிறீர்கள். தண்ணீர் பட்டு எரிவது அதனால்தான். ரெட்டினாலில் இன்னொன்றும் உண்டு. குழந்தைக்குத் திட்டமிடும்போதும் கர்ப்பத்திலும் அந்த வகை கூடாது, கல்யாணத்துக்குப் பிறகு மறந்துவிடாதீர்கள். நியாசினமைடை எடுத்து வைத்திருங்கள், ஆனால் அடுத்த முறை 10 சதவீதம் தேட வேண்டாம். 4, 5 சதவீதத்திலேயே அதன் வேலை நடந்துவிடும், எண் ஏற ஏறச் சிலருக்குச் சிவப்புதான் மிச்சம்.

ஆக, மருத்துவர் கொடுக்கும் மருந்தைத் தவிர நான்கு வாரத்துக்கு மூன்றே பொருள். கழுவ ஒன்று, பூச ஒன்று, வெயிலுக்கு ஒன்று.

கழுவுவதில்தான் பலரும் தோற்கிறோம். நுரை நிறைய வந்தால் சுத்தம் என்று பழகிவிட்டோம். நம் தோலின் பிஹெச் 5-ஐ ஒட்டி இருக்கும், அதாவது லேசான அமிலம். சாதாரண சோப்பு 9, 10 இருக்கும், அது காரம். முதல் தர சோப்பில் டிஎஃப்எம், அதாவது மொத்தக் கொழுப்பின் அளவு, 76 சதவீதத்துக்குக் குறையாது என்று அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. உடம்புக்கு அந்தக் கணக்கு சரி, ஆனால் டிஎஃப்எம் எவ்வளவு இருந்தாலும் சோப்பு சோப்புதான், காரம் குறையாது. அதிலும் உங்கள் ஊர் உப்புத் தண்ணியில் இன்னொரு தொல்லை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து திரிந்து, பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒட்டுமே, அதே படலம் கன்னத்திலும் ஒட்டும். ஆகவே சோப்பு வேண்டாம், அதிகம் நுரைக்காத, வாசனை சேர்க்காத, 'ஜென்டில் கிளென்சர்' என்று விற்கிற வகை வாங்குங்கள். அட்டையில் சோடியம் லாரில் சல்பேட் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் இருந்தால் வைத்துவிடுங்கள். பொருள்களின் பட்டியல் அளவு அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் எந்த வரிசையிலும் இருக்கலாம். முன்பக்கம் பெரிதாகக் குங்குமப்பூ படம் போட்டு, பட்டியலில் குங்குமப்பூ கடைசியில் இருந்தால், அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

காலை ஒருமுறை, வீடு திரும்பியதும் ஒருமுறை கழுவினால் போதும். மதியம் எண்ணெய் வடிந்தால் டிஷ்யூவால் ஒற்றுங்கள். கழுவக் கழுவ எண்ணெய் குறையாது, எரிச்சல்தான் கூடும். முடிந்தால் கடைசியாக ஒரு குவளை நல்ல தண்ணியில் அலம்புங்கள்.

மாய்ஸ்சரைசர் என்றதும் "எனக்கு எண்ணெய் முகம், எதற்கு?" என்பார்கள். எண்ணெய் வேறு, நீர் வேறு. எண்ணெய் வடியும் முகத்திலும் நீர் வற்றலாம். நாள் முழுக்க ஏசியில் உட்காரும் உங்களுக்கு இது கட்டாயம். கிளிசரின், செராமைடு என்ற பெயர்கள் பட்டியலில் இருக்கும் சாதாரண லோஷன் போதும். கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கும், செராமைடு சாந்துக் கொழுப்பில் ஒன்று. முகம் கழுவி ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்னால் பூசுங்கள். இரவில் கன்னம் ரொம்ப எரிந்தால் அதன்மேல் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியைத் தேய்த்துக்கொள்ளலாம், நெற்றியில் வேண்டாம். பட்டியலில் சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்று பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அவை கொழுப்பு வகை, தோலை மென்மையாக்கும். ஆல்கஹால் டெனாட் என்று முன்வரிசையில் இருப்பதுதான் உலர்த்தும், எரிக்கும்.

பயமுறுத்தும் விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பாரபென் இல்லை" என்று பெரிதாகப் போடுகிறார்கள். ஒவ்வாமை விஷயத்தில் பாரபென் மிகச் சாதுவான பதப்படுத்தி. அதற்குப் பதிலாகப் பல பொருள்களில் வந்து சேர்ந்த மெத்தில்ஐசோதயசோலினோன் என்பதைத்தான் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. "நேச்சுரல்" என்பதும் "கெமிக்கல் இல்லை" என்பதும் உங்கள் தோலுக்கு எந்த உத்தரவாதமும் தராது. எலுமிச்சைச் சாறும் இயற்கைதான். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வந்து கறுக்கும்.

சன்ஸ்கிரீன். ஜெல் வகைகள் சிலவற்றில் ஆல்கஹால் நிறைய இருக்கும், இப்போதைக்கு உங்கள் முகம் அதைத் தாங்காது. ஆறும்வரை ஜிங்க் ஆக்சைடு இருக்கும் கிரீம் வகைக்கு மாறுங்கள். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்றால், நிறம் சேர்த்த வகை கிடைக்கிறது. அதில் அயர்ன் ஆக்சைடு இருக்கும். நம் தோலில் கறுப்புத் தடத்தை ஆழமாக்குவது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். அதை அயர்ன் ஆக்சைடு தடுக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காது. எஸ்பிஎஃப் 30 என்றால் வெயிலில் சுட வைக்கும் யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம், பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் (அது யுவிஏ கதிரைத் தடுக்கும் அளவு) குறைந்தது மூன்று பிளஸ் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அளவில்தான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணுகிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டு எடுத்துத் தடவினால் அட்டையில் போட்ட எண் கிடைக்காது.

ஸ்கூட்டி விஷயத்தைக் கேட்டதும் எனக்குத் தாடைப் பருக்கள் ஞாபகம் வந்தன. ஹெல்மெட் பட்டை தாடையில் உரசும் இடமும் பரு வரும் இடமும் ஒன்றா என்று கண்ணாடியில் பாருங்கள். வியர்வையும் உரசலும் சேர்ந்தால் அங்கே பரு வரும். ஹெல்மெட் உள் துணியை வாரம் ஒருமுறை துவையுங்கள், முகத்தில் கட்டும் துப்பட்டாவைத் தினமும் மாற்றுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓட்ட மட்டும் கூடாது. உரசல் இல்லாத இடத்திலும் பரு வருகிறது, மாதவிலக்கும் தள்ளிப் போகிறது, மோவாயில் முடி கருத்து வளர்கிறது என்றால் அது வெளியில் பூசித் தீரும் விஷயமில்லை. சினைப்பையையும் ஹார்மோனையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நெற்றியில் பொடிப்பொடியாக அரித்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயையும் பொடுகையும் பார்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் காலுக்கும் கைக்கும் அருமையான பூச்சு, பரு வரும் முகத்துக்கு ஆகாது. இரவு எண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை உறை வழியாக அது கன்னத்துக்கும் வந்துவிடும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வைத்து அலசிவிடுங்கள்.

அம்மா சொல்லும் கடலை மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆறிய முகத்தில், தண்ணீரில் கூழாகக் கரைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவினால் நல்லதுதான். பயத்தம் மாவு அதைவிட மென்மை. ஆனால் அதோடு எலுமிச்சை, புளித்த தயிர், சோடா உப்பு என்று சேர்ப்பதும், காயவிட்டு உதிர்த்துத் தேய்ப்பதும்தான் கெடுதல். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் கிடைக்கும் பொடியெல்லாம் கஸ்தூரி மஞ்சளா என்பதும் சந்தேகம்தான். எரிச்சல் அடங்கும் வரை மாவும் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நான்கு வாரம் கழித்து, தண்ணீர் பட்டு எரியாமல், புதிய சிவப்பு இல்லாமல் இருந்தால், ஒரே ஒரு பொருளைச் சேர்க்கலாம். உங்களுக்குப் பருவும் இருக்கிறது, தடமும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து அசிலாயிக் ஆசிட் 10 சதவீதம் என்றுதான் என் யோசனை போகிறது. அதைக் கர்ப்பத்திலும் போடலாம் என்பது உங்களுக்குக் கூடுதல் வசதி. நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். முதலில் காதுக்குக் கீழே தாடை ஓரம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் ஏழு நாள் பூசிப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே வராது, நாலாம் நாள், ஐந்தாம் நாள் எட்டிப் பார்க்கும், அதனால்தான் ஏழு. ஒன்றும் இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரவில், அப்புறம் தினமும். போட்டதும் சில நிமிடம் லேசாகக் குறுகுறுப்பது வழக்கம், சிவந்து எரிந்தால் நிறுத்துங்கள். ஒரு பொருளுக்கும் அடுத்த பொருளுக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி இருந்தால்தான் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும். நீங்கள் ஏழையும் சேர்த்துப் போட்டதில் நடந்த நஷ்டம் காசு மட்டுமில்லை, எது எரித்தது என்றே தெரியாமல் போய்விட்டது.

பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். புரட்டாசியில் தொடங்கினால் தைக்குள் புதுப் பருக்கள் நன்றாகக் குறைந்திருக்கும், தடங்கள் மங்கியிருக்கும். சில தடங்கள் மிச்சம் இருக்கும், அவற்றை மேக்கப் மறைத்துவிடும். மார்கழியில் கன்னம் மறுபடி இழுக்கும், அப்போது லோஷனை விட்டு கிரீமுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதத்தில் முகத்துக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பார்லரில் பிளீச் செய்யச் சொல்லி வற்புறுத்துவார்கள். அதில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் இருக்கும், ஸ்டீராய்டு போட்டு மெலிந்த தோலில் அது ஆபத்து. மேக்கப் போடுகிறவரிடம் அவர் பொருள்களை ஒரு மாதம் முன்பே கொஞ்சம் வாங்கித் தாடையில் பூசிப் பாருங்கள். மருதாணி இலை அரைத்து வையுங்கள், கறுப்பாகப் பிடிக்கும் கோன் வேண்டாம். தலைச் சாயத்தில் இருக்கும் பிபிடி அதில் கலந்திருக்கும், கை முழுக்கக் கொப்புளமாகி வந்த மணப்பெண்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் ஒட்டுப்பொட்டு வைப்பவராக இருந்து, அந்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ உடனே விட்டுவிடுங்கள். பொட்டின் பசையில் இருக்கும் ஒரு பொருள் நிறமி செல்களையே அழிக்கக்கூடியது, வெளுத்த இடம் திரும்ப நிறம் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

தங்கைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டோனர், ரெட்டினால், நியாசினமைடு மூன்றும் அவளுக்கு இந்த வயதில் தேவையில்லை. டப்பா மருத்துவரிடம் போகிறது. நுரைக்கும் ஃபேஸ்வாஷைக் கை கழுவ வைத்துக்கொள்ளலாம். ஜெல் சன்ஸ்கிரீனை மட்டும் அவளுக்குக் கொடுங்கள், முன்னங்கையில் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு. திறந்து மூன்று மாதம் ஆகிறது, டியூபின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் 6 எம் என்றோ 12 எம் என்றோ இருக்கும், திறந்த பிறகு அத்தனை மாதம்தான் அதன் ஆயுள். இரண்டு விரல் அளவுக்கு எடுக்கச் சொல்லுங்கள், பரீட்சைக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும்.